மூன்று மாதமாக 73 கிலோவிலேயே நிற்கிறேன், இரவுச் சாப்பாட்டை விட்டுவிடலாமா?

அடுத்த கேள்வி அண்ணா நகரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. வயது 42. 84 கிலோ இருந்தவர் ஏழு மாதத்தில் 73-க்கு வந்திருக்கிறார். அதன் பிறகு மூன்று மாதமாக எடை நகரவே இல்லை. "காலையில் டவர் பூங்காவில் நடக்கிறேன். மதியம் ஒரு கப் சாதம், ராத்திரி இரண்டு சப்பாத்தி. எண்ணெயைக் குறைத்துவிட்டேன். தைராய்டாக இருக்குமோ? இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இன்றைக்கு ராத்திரியே பட்டினி கிடக்கப் போகிறீர்கள்.

11 கிலோ குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு. படுத்திருந்தாலும் முன்பைவிடக் குறைந்த கலோரிதான் எரியும். நடக்கும்போதும் அந்த 11 கிலோவைச் சுமக்காமல்தானே நடக்கிறீர்கள்? எல்லாம் சேர்த்து நாளைக்கு 150, 200 கலோரி செலவு குறைந்திருக்கும். இதுபோக, சாப்பாடு குறையும்போது உடம்பு தானாகவே சிக்கனம் பிடிக்கும். மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்கப் பிள்ளையை அனுப்புவது, இதெல்லாம் நமக்கே தெரியாமல் நடக்கும். ஆக, 84 கிலோவில் எடையைக் குறைத்த அதே சாப்பாடு, 73 கிலோவில் எடையை அப்படியே வைத்திருக்கும் சாப்பாடாகிவிட்டது.

தைராய்டு சந்தேகம் இருந்தால் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், எளிதானதுதான். ஆனால் தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். ரிப்போர்ட் சரியாக வந்தால் அந்தக் கவலையை அதோடு விட்டுவிடுங்கள்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். "குறைத்துவிட்டேன்" என்று சொல்லாத ஆளே கிடையாது. எவ்வளவிலிருந்து எவ்வளவு என்று கேட்டால்தான் பதில் வராது. மளிகைக் கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 5 லிட்டர் கேன் ஒரு மாதத்தில் காலியானால், ஒருவருக்கு நாளைக்கு 40 மில்லிக்கு மேல் போகிறது. எண்ணெயில் மட்டும் 300 கலோரிக்கு மேல்! ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது நல்ல அளவு. வாணலியில் கேனைச் சாய்க்காமல் ஸ்பூனால் அளந்து விடுங்கள். 5 மில்லி ஸ்பூன் ஒன்றுக்கு 40 கலோரிக்குச் சற்று மேல் வரும். தோசையைச் சுற்றி விடுவது, இட்லிப் பொடியில் குழைக்கும் நல்லெண்ணெய், இவை யார் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை "வீணாகிறதே" என்று நாம் வாயில் போடுவதும் அப்படித்தான்.

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 1992-ல் வெளிவந்தது. எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரைச் சோதித்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உழைத்ததை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை, மனித நினைவு அப்படித்தான். அதனால் ஒரே ஒரு வாரம், வாயில் போகும் எல்லாவற்றையும் உடனுக்குடன் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமையிலிருந்து எழுத ஆரம்பிக்காதீர்கள்! நடந்து முடித்துப் பூங்கா வாசலில் கூழோ சத்துமாவுக் கஞ்சியோ குடித்தால், அதையும் எழுதுங்கள். நல்ல உணவுதான், ஆனால் வீட்டுக்கு வந்து நான்கு இட்லி சாப்பிட்டால் அன்றைக்கு இரண்டு டிபன்.

அப்புறம், உங்கள் பட்டியலில் புரதமே கண்ணில் படவில்லை. எடை குறைக்கும் காலத்தில் ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் என்று பார்த்தால், உங்களுக்கு 85 கிராமுக்கு மேல் வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. "சாம்பார் ஊற்றிக்கொள்கிறேனே" என்பீர்கள். நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் வரை கிடைக்கும். ராத்திரி அந்த இரண்டு சப்பாத்தியில் ஒன்றை எடுத்துவிட்டு முட்டையோ பன்னீரோ வையுங்கள். பசி தாங்கும், தசையும் கரையாது.

நடையை விட வேண்டாம். அதோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கொஞ்சம் பழகியதும் டம்பெல். ஜிம் கட்டாயமில்லை. புதிதாக ஆரம்பிக்கும்போது தசையில் நீர் கோத்து எடை ஒரு கிலோ கூடக் காட்டலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். அதனால் வாரச் சராசரியைப் பாருங்கள், போன மாதம் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள், டேப் வைத்து இடுப்பையும் அளங்கள்.

பத்து மாதமாகக் கட்டுப்பாட்டில் இருந்து சலித்துவிட்டது என்றால், இரண்டு வாரம் எடை கூடாத அளவுக்குக் கொஞ்சம் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி குறைக்கலாம். ஆஸ்திரேலியாவில் உடல் பருமன் உள்ள ஆண்களிடம் இப்படி விட்டுவிட்டுச் செய்தபோது நல்ல பலன் கிடைத்தது. பின்னால் வந்த எல்லா ஆய்விலும் அதே பலன் வரவில்லை. இருந்தாலும் மனசுக்கு ஓய்வு, அதுவே எனக்குப் போதுமான காரணம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரிடம் மருந்தின் அளவைப் பற்றிப் பேசாமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.