ஷர்ட்டுன்னு எழுதுனேன், எனக்கே படிக்க வரல | கத்தக்கானா கையெழுத்து

ஹாய் மக்களே, வாய்ஸ் கம்மியா இருக்கும், பக்கத்து ரூம்ல பாப்பா தூங்குது. மேட்டர் என்னன்னா, ஜப்பான் மொழி எழுதுற எழுத்து வகைல ஒண்ணு கத்தக்கானா, அதோட 46 எழுத்தும் ஆப்ல குத்து குத்துன்னு குத்தி ரெண்டே வாரத்துல படிக்க வந்துடுச்சு, எல்லாம் பச்சை டிக், நாம கில்லின்னு நெனச்சுட்டு சுத்திட்டு இருந்தேன். போன வாரம் பேப்பர எடுத்து ‘ஷாட்ஸு’ன்னு எழுதுனேன், நம்ம ஷர்ட்டுதான் அது, அதுல ஷி எழுத்தும் ட்ஸு எழுத்தும் வரும். சாப்ட்டு வந்து பாத்தா எது ஷி எது ட்ஸுன்னு எழுதுன எனக்கே தெரியல.

இங்க பாருங்க, கேமராவ கிட்ட கொண்டு வர்றேன். ரெண்டுக்கும் மூணு கோடுதான், ரெண்டு சின்னது ஒரு நீளம். ஷில சின்னது ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, இடது ஓரமா நிக்கும், நீளக் கோட்ட கீழ இருந்து மேல வலது பக்கமா ஏத்தணும். ட்ஸுல சின்னது ரெண்டும் மேல பக்கத்துல பக்கத்துல, நீளக் கோடு மேல இருந்து இடது பக்கமா சரிஞ்சு எறங்கும். ‘ஸோ’வும் ‘ன்’னும் இதே கூத்துதான், ஒரு சின்னக் கோடு கம்மி, அவ்ளோதான். கம்ப்யூட்டருக்கு ‘பஸோகோன்’னு சொல்றாங்க இல்ல, அதுல ரெண்டும் ஒரே வார்த்தைல வந்து உயிர வாங்கும்.

நான் பண்ண தப்பு, பால்பாயிண்ட் பேனா. அதுல கோடு தலைலருந்து வால் வரைக்கும் ஒரே தடிமன், ஏத்துனீங்களா எறக்குனீங்களான்னே தெரியாது. 2பி பென்சில் வாங்குங்க, ஜப்பான்ல சின்னப் பசங்க ஸ்கூல்ல அதுலதான் எழுதிப் பழகுறாங்க. ஆரம்பத்துல அழுத்தி வச்சு, முடியுற எடத்துல லேசா தூக்கி விட்டுடணும், ‘ஹராய்’னு பேரு. தலை தடியா, வால் மெலிசா வரும், பாத்த உடனே கோடு எந்தப் பக்கம் போச்சுன்னு தெரிஞ்சுடும். பிரஷ்ல பொறந்த எழுத்து பாஸ் இது, 9ஆம் நூற்றாண்டு வாக்குல புத்த பிக்குங்க சீன எழுத்துல ஒரு துண்ட மட்டும் பிச்சு எடுத்து, படிக்கிற சுவடில உச்சரிப்பு குறிச்சுக்க வச்சுக்கிட்டது.

அப்புறம் ரோ. பாக்க வெறும் டப்பா. நம்ம கை என்ன பண்ணும், ப போட்டு மேல மூடிடும். அப்படி இல்லயாம், மொதல்ல இடது கோடு, அப்புறம் மேல் கோடும் வலது கோடும் ஒரே இழுப்புல, கடைசியா அடிக்கோடு. மூணு தடவ பென்சில எடுத்து வைக்கணும், எனக்கு இன்னும் கை கேக்க மாட்டேங்குது.

ஈஸியா ஒண்ணு வேணும்னா ‘கரே’ எழுதுங்க. நம்ம கறிதான், இங்கிலீஷ் வழியா அங்க போய்ச் சேந்துச்சு. காவுக்கு ரெண்டு கோடு, ரேவுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ஒரு படுக்கைக் கோடு, நாலே இழுப்பு. ஸு, நு கொழப்பத்த நாளைக்கு வச்சுக்கலாம், பாப்பா எந்திரிச்சுடுச்சு.