'தொடாதே' என்று சொல்வதை நிறுத்தினேன்

வணக்கம். மகன் இப்போதுதான் தூங்கினான், அதனால் குரலைத் தாழ்த்தியே பேசுகிறேன். நடுவில் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரை ஓரமாக வீடு இருந்தால் அது கூடவே வரும்.

சென்ற மாதம் 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போனோம். பக்கத்தில் வயதான அம்மா ஒருவர். டிக்கெட்டுக்குச் சில்லறை தேடி நான் குனிந்து நிமிர்வதற்குள் இவன் அவருடைய சேலைத் தலைப்பைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அடுத்து, அவர் முழங்கைக்கு மேலே தளர்ந்திருந்த தோலை இரண்டு விரல்களால் உருட்டினான். "தொடாதே!" என்று கையைத் தட்டிவிட்டேன். அவன் அழவில்லை. கையை மடிக்குள் இழுத்து, தன் தோலையே கிள்ளத் தொடங்கினான். பாலுக்கு அழுது அலுத்த குழந்தை தன் விரலைச் சப்புமே, அப்படி இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவனுக்கு நான்கு வயது. முன்பள்ளியில் பக்கத்துப் பிள்ளையின் மேல் சாய்ந்தே உட்காருகிறான் என்று முறைப்பாடு. உறவினர்கள் "செல்லம் கூடிவிட்டது" என்றார்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம், அதாவது அன்றாடச் செயல்களைச் செய்யப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவரிடம், போன பிறகுதான் விளங்கியது. தோலில் மட்டுமல்ல, தசையிலும் மூட்டிலும்கூட உணர்வு இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. 1970களில் அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற சிகிச்சையாளர் வளர்த்தெடுத்த சிந்தனை இது. இந்த வழியில் தரும் பயிற்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் பலன் தரும் என்று ஆய்வுகள் அறுதியாகச் சொல்லவில்லை. என் மகனிடம் நான் கண்டதைத்தான் சொல்கிறேன்.

மெல்லத் தடவினால் அவன் இன்னும் துள்ளுகிறான். அழுத்திக் கட்டிப்பிடித்தால் அடங்குகிறான். ஆகவே அவன் தேடி அலையும் முன்பே கொடுத்துவிடுகிறோம். காலையில் ரொட்டி மாவை அவன்தான் குழைக்கிறான். முழங்கை வரை மா. சந்தையிலிருந்து ஒரு தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறான். மாலையில் கடற்கரை மணலைத் தோண்டுகிறான். படுக்கும் முன் விரிப்பில் தலை வெளியே தெரியச் சுருட்டி, "புட்டுக்குழல்" என்று உருட்டுவேன். அவன் "போதும்" என்றால் அந்த நொடியே அவிழ்ப்பேன். பாரமான போர்வை வாங்கச் சொன்னார்கள். சிறு பிள்ளை தூங்கும்போது அது ஆபத்தாகலாம் என்பதால் வாங்கவில்லை.

ஆனால் யார் மடியிலும் ஏறிவிடும் பிள்ளையைப் பற்றிப் பயம் இல்லாமல் இருக்க முடியுமா? எனக்கு இருக்கிறது. அதனால் கேட்கப் பழக்குகிறேன்: "மாமி, கையைப் பிடிக்கலாமா?" அவர் மறுத்தால் விட வேண்டும். அவனுக்கு விருப்பமில்லை என்றால் அவனும் மறுக்கலாம், அம்மம்மா முத்தம் கேட்டாலும்கூட. இது வீட்டில் சிறு மனத்தாங்கலைக் கொண்டுவந்தது, ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தொட்டதை ஒளிக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். 1929 என்ற இலங்கையின் சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணைப் பெற்றோர் நாமும் மனதில் வைத்திருப்போம். பேச்சிலோ பழகுவதிலோ வேறு சந்தேகம் இருந்தால், உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

அம்மம்மாவின் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு வெட்டி, அவன் காற்சட்டைப் பைக்குள் தைத்துவிட்டேன். இன்று மாடிப்படியில் பக்கத்து வீட்டு அன்ரியிடம், "கையைப் பிடிக்கலாமா?" என்று கேட்டான். "இப்போது வேண்டாம் அப்பன், மீன் கழுவிய கை" என்றார். இவன் நின்றான். முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு கையைப் பைக்குள் விட்டு, துணியைப் பிசைந்துகொண்டே படியிறங்கினான்.

அவன் புரளும் சத்தம் கேட்கிறது. நான் போய்ப் பக்கத்தில் படுக்கிறேன்.