தலையா, கப்பலா?

அவையோருக்கு வணக்கம்.

சின்ன வயதில் காசைச் சுண்டிவிட்டு 'பூவா, தலையா' என்று கேட்டிருப்போம். ரோம் நகரத்துப் பிள்ளைகள் 'தலையா, கப்பலா' என்று கேட்டார்கள். அவர்களுடைய பழைய 'அஸ்' என்ற வெண்கலக் காசில் ஒரு பக்கம் ஜேனஸ் என்ற இரட்டைமுகத் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கப்பலின் முனை. பிற்பாடு அந்தத் தெய்வத்தின் தலை இருந்த இடத்தில்தான் பேரரசர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

வெண்கலக் காசு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலிருந்து அஸ் செம்பில் வந்தது. நான்கு அஸ் மதிப்புள்ள 'செஸ்டர்ஷியஸ்' பித்தளையில் வந்தது. ஏறத்தாழ 25 கிராம் எடை. புதுக்காசு பொன்போலப் பளபளக்கும். அகலமான காசு என்பதால் அச்சு வெட்டியவருக்குப் படம் காட்ட நல்ல இடம் கிடைத்தது. ரொட்டியும் திராட்சை மதுவும் வாங்கிய சில்லறை இதுதான். பேரரசரை ஆயுளில் ஒருமுறைகூடப் பார்க்காத கூலிக்காரரின் கையிலும் அவர் முகம் இருந்தது.

பேரரசர் நீரோவின் செஸ்டர்ஷியஸ் ஒன்றைப் பாருங்கள். பின்பக்கத்தில் ஜேனஸ் கோயில், கதவு சாத்தியிருக்கிறது. போர் நடந்தால் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது மரபு. 'ரோமானிய மக்களுக்குத் தரையிலும் கடலிலும் அமைதி தேடித் தந்து ஜேனஸின் கதவைச் சாத்தினார்' என்று சுற்றிலும் எழுத்து. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் சாத்திய கதவு புரியும்.

அடுத்தது என்னை ரொம்பவே வருத்தும் காசு. கி.பி. 70-இல் யூதர்களின் நாடான யூதேயாவில் ஜெருசலேம் நகரம் ரோமானியப் படையிடம் வீழ்ந்தது. மறு ஆண்டே பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்டர்ஷியஸில் ஒரு பேரீச்ச மரம். அதனடியில் ஒரு பெண் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறாள். 'யூதேயா பிடிபட்டது' என்று எழுதியிருக்கிறது. வெற்றியைக் கொண்டாட அடித்த காசு அது. ஆனால் என் கண் அந்தப் பெண்ணை விட்டு நகர மறுக்கிறது.

சரி, இத்தனை கைகளுக்குப் போன முகத்தைத் திரும்ப அழிக்க முடியுமா? முயன்று பார்த்தார்கள். பேரரசர் கலிகுலா கொல்லப்பட்ட பிறகு, அவர் உருவம் பொறித்த வெண்கலக் காசுகளை உருக்கும்படி ரோமின் ஆட்சி மன்றமான செனட் ஆணையிட்டது. இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன.

கி.பி. 211-இல் பேரரசர் காரகல்லா தன் தம்பி கேட்டாவைக் கொல்வித்து, அவன் பெயரும் உருவமும் எங்கும் இருக்கக் கூடாது என்றார். சின்ன ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கியின், ஸ்ட்ராடோனிகேயா நகரத்தில் அதற்கு முன்பே அடித்த வெண்கலக் காசுகளில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே பார்த்தபடி இருந்தார்கள். உளியை எடுத்துத் தம்பியை மட்டும் செதுக்கி எடுத்தார்கள். காசை வீணாக்க மனமில்லை. முத்திரை குத்திப் புழக்கத்துக்கு விட்டார்கள். அந்தக் காசில் காரகல்லா இன்னும் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.