பிரேக் ஹோஸ்: ஒரு முழ ரப்பர் குழாய்

நேயர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் பாடம் சொன்னவன் என்ற முறையில், உங்கள் காரின் ஓர் உறுப்பைப் பற்றி மட்டும் இன்று பேச வந்திருக்கிறேன். ஏறக்குறைய ஒரு முழ நீளமுள்ள கறுப்பு ரப்பர் குழாய் அது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரேக்கின் விசையைக் கொண்டு சேர்ப்பது அதுதான். ஒர்க்‌ஷாப்பில் அதை பிரேக் ஹோஸ் என்பார்கள். பிரேக் பேடு தேய்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் கார் உரிமையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹோஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நீங்கள் பெடலை மிதித்ததும், பிரேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், காரின் அடிப்பகுதியில் ஓடும் இரும்புக் குழாய்கள் வழியாகப் போகிறது. ஆனால் சக்கரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது, முன்சக்கரமானால் ஸ்டியரிங்குடன் சேர்ந்து திரும்பவும் செய்கிறது. அந்த அசைவுக்கெல்லாம் இரும்புக் குழாயை வளைத்துக்கொண்டிருந்தால் சில நாட்களிலேயே முறிந்துவிடும் என்பதால், கடைசி ஒரு முழத்துக்கு மட்டும் ரப்பர் ஹோஸ் வைத்திருக்கிறார்கள். வளைய வேண்டும், ஆனால் அழுத்தத்தில் உப்பக் கூடாது என்ற இரண்டு எதிரெதிரான கடமைகளை அது ஒருசேரச் செய்கிறது. இதற்காகவே ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆன உட்குழாய், அதன்மேல் இறுக்கமாகப் பின்னிய நூல் அடுக்குகள், அவற்றைக் காக்கும் மேலுறை என்று அதை அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் துளை சுமார் 3 மில்லிமீட்டர்தான்.

டயருக்கு நாம் 33 பாயிண்ட் காற்று அடிக்கிறோம். அவசரமாக மிதிக்கும்போது அந்தச் சிறு துளைக்குள் எழும் அழுத்தம், அதே கணக்கில் 1,000 பாயிண்டைத் தாண்டும். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரவிதி 106-இன்படி, இந்த அளவுள்ள ஹோஸ் 7,000 பாயிண்டுக்குக் குறைவான அழுத்தத்தில் வெடிக்கக் கூடாது. இயந்திரத்தில் பூட்டிச் சுழற்றும் சோதனையை 35 மணி நேரம் தாங்கவும் வேண்டும். நம் நாட்டிலும் இதற்கென ஐஎஸ் 7079 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. எனவே தரமான புது ஹோஸ் எளிதில் வெடிப்பதில்லை. அதைக் கெடுப்பவை வயதும், வெப்பமும், நம் கைகளும்தான்.

கொல்லிமலைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திரும்ப, அதே நேரத்தில் கால் பெடலை அழுத்த, பக்கத்தில் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் கொதிக்க, முன்பக்க ஹோஸ் வளைவையும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒன்றாகத் தாங்குகிறது. மலைக்குப் போகுமுன் டயரைப் பார்க்கும் நாம், டயருக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டாமா?

வெளியே வெடித்த ஹோஸ் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். மேலே நன்றாக இருந்து உள்ளே கெட்டுப்போன ஹோஸைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். ஒருமுறை எங்களிடம் ஒரு கார் வந்தது. இடது முன்சக்கரம் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது. அதற்கு முன் வேறோர் இடத்தில் பேடையும், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிபரையும் மாற்றியிருந்தார்கள், குறை தீரவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, பெடலை ஒருமுறை மிதித்து விட்டோம். காலை எடுத்த பிறகும் சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. ஹோஸின் மேல்முனையை இரும்புக் குழாயுடன் இணைக்கும் நட்டைத் தளர்த்தியபோதும் சக்கரம் அசையவில்லை. காலிபரில் காற்று எடுக்கும், அதாவது லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் தளர்த்தியதும் திரவம் சட்டென்று பீறிட்டது, சக்கரம் உடனே விடுபட்டது. கோளாறு இரண்டுக்கும் நடுவில், ஹோஸுக்குள் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதைக் கழற்றி மாணவர்கள் முன்னால் பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. உட்குழாயோ ஊறிப் பருத்து, துளை ஊசிக்காது அளவுக்குச் சுருங்கியிருந்தது. கால் கொடுக்கும் விசை அந்தத் துளையைத் தாண்டித் திரவத்தை உள்ளே தள்ளிவிடும். திரும்பி வர அதற்கு அப்படியொரு விசை கிடையாது.

உட்குழாய் ஏன் ஊறுகிறது? ஒரு முக்கியமான காரணம் நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் எண்ணெயே அன்று. டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் அச்சிட்டு வருபவை கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. ஆயில்தானே என்று எண்ணி எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினாலும், மண்ணெண்ணெயால் பாகங்களைக் கழுவிவிட்டு அப்படியே மாட்டினாலும், ஈபிடிஎம் ரப்பர் ஊறிப்போகும். இந்தத் தவற்றைக் கைதேர்ந்தவர்களும் செய்து பார்த்திருக்கிறேன். பேடு மாற்றும்போது கனமான காலிபரை ஹோஸிலேயே தொங்கவிடுவதும், திரவம் ஒழுகாமலிருக்க ஹோஸைக் குறடால் நெரித்துப் பிடிப்பதும் இதே அளவு கேடானவை. உள்ளே நூல் அறுந்திருப்பது வெளியே தெரியாது. காலிபரை ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவைக்க அரை நிமிடம்கூட ஆகாது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை கடினமானதன்று. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸை விரலால் மெல்ல வளைத்தால், மறைந்திருக்கும் வெடிப்பு வாய் திறக்கும். இரு முனைகளிலும் உள்ள உலோகப் பிடிப்பில் துருவோ ஈரமோ இருக்கிறதா, டயர் உரசிய தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இந்தத் துரு விரைவில் வரும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஹோஸைப் பார்க்கட்டும். தவளையை விழுங்கிய பாம்பு போல ஓரிடம் உப்பினால், அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைப் பார்க்கலாம். குறை எதுவும் தெரியாவிட்டாலும், ஆறு ஆண்டுகள் கடந்த ஹோஸை மாற்றிவிடுவதே என் வழக்கம். முன்சக்கரங்களில் ஒன்றை மாற்றினால் மற்றதையும் சேர்த்தே மாற்றுவேன்.

ஓட்டும்போது ஹோஸ் வெடித்துப் பெடல் இறங்கிவிட்டால், பிரேக் முழுவதும் போய்விட்டதாக எண்ணிக் கைவிட்டுவிடாதீர்கள். இன்றைய கார்களில் பிரேக் லைன் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் பாதி எஞ்சியிருக்கும். பெடலை விட்டு விட்டு வேகமாக மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து ஓரம் கட்டலாம்.

மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டாலும் பக்கத்தில் நின்று சிலவற்றைக் கவனியுங்கள். ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதி பழையதாக இருக்கக் கூடாது. நீளவாக்கில் ஓடும் கோடு, மாட்டிய பிறகும் நேராக இருக்க வேண்டும்; கோடு சுற்றிக்கொண்டிருந்தால் ஹோஸ் முறுக்கேறியிருக்கிறது என்று பொருள். ஹோஸைக் காலிபரில் பூட்டும் போல்ட்டில், ஹோஸ் முனையின் இருபுறமும் வரும் செம்பு வாஷர்களைப் புதிதாகவே போட வேண்டும். பழையவை ஒருமுறை நசுங்கியவை என்பதால் கசிவைத் தடுக்காது. காற்று எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே பிரேக் திரவம் நிற்கும் டப்பா வற்றிவிடக் கூடாது. வற்றினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். சிந்திய திரவம் பெயின்டை அரிக்கும் என்பதால் உடனே தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் வண்டியை நகர்த்துமுன் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்லக் கீழே போகாமல் ஓரிடத்தில் நின்றால், மறுநாள் காலை வண்டிக்கு அடியில் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. நன்றி, வணக்கம்.