28 மில்லிமீட்டரும் 40 மில்லிமீட்டரும்: வலேரி லியூகின் கோச் ஆன விதம்

நண்பர்களே, வணக்கம்.

பதக்கம் வாங்கியவர் வந்து கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளும் பதக்கம் வாங்கிவிடுவார்கள் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். ஜிம்னாஸ்டிக்ஸில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க வலேரி லியூகினை எடுத்துக்கொள்கிறேன்.

1966-ல் கஜகஸ்தானில் பிறந்து சோவியத் அணிக்காக ஆடியவர். 1987-ல் ஃப்ளோரில், அதாவது தரைப் பயிற்சியில், ஒரே தாவலில் பின்னோக்கி மூன்று குட்டிக்கரணம் போட்டுக் காட்டினார். விதிப்புத்தகத்தில் இன்றும் அதற்கு அவர் பெயர்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அணித் தங்கம், ஹரிசாண்டல் பாரில் தங்கம், எல்லாக் கருவிகளின் புள்ளியையும் கூட்டிப் பார்க்கும் ஆல்-அரவுண்டிலும், இரட்டை இணைக்கம்பியான பேரலல் பார்ஸிலும் வெள்ளி. சோவியத் சிதறியதும் 1992-ல் அமெரிக்கா போனார். 1994-ல் டெக்சாஸின் பிளானோவில், யெவ்கெனி மார்ச்சென்கோவுடன் சேர்ந்து ‘வோகா’ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அங்கே அவர் பெயர் வாங்கியது பெண் பிள்ளைகளைத் தயார் செய்துதான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

ஆண்களின் ஹரிசாண்டல் பார் 28 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுக் கம்பி. ஒரே கம்பி, சுற்றிலும் வெட்டவெளி. பெண்களின் பார் 40 மில்லிமீட்டர். அதுவும் இரண்டு, உயரக் கம்பிக்கும் தாழ்ந்த கம்பிக்கும் உயர வித்தியாசம் 80 சென்டிமீட்டர், குறுக்கே அளந்தால் இடைவெளி அதிகபட்சம் 180 சென்டிமீட்டர். மேல்கம்பியில் நீட்டித் தொங்கும் பெண்ணின் கால், முழுச் சுற்றில் கீழே வரும்போது தாழ்ந்த கம்பியில் போய் இடிக்கும். அதனால் அந்தப் பக்கமாகச் சுற்றும்போது காலை விரிக்கவோ இடுப்பை மடக்கவோ வேண்டும். அப்படி மடக்கினால் உதை கொடுக்கும் நேரம் மாறும். நேரம் மாறினால் கையை விட வேண்டிய புள்ளியும் மாறும். சியோலில் தங்கம் வாங்கிய உடம்புக்கு இந்தத் தாளமே தெரியாது. தன் உடம்பு சொல்வதை அப்படியே பிள்ளைக்குச் சொன்னால் முட்டியில் அடிதான் மிஞ்சும்.

கம்பியைப் பிடிக்கக் கையில் மாட்டும் தோல்பட்டையான கிரிப் விஷயமும் அப்படித்தான். ஹரிசாண்டல் பார் கிரிப்பில் மூன்று விரல் துளை, பெண்களுடையதில் இரண்டு. பட்டையின் தோலுக்குள் விரல் ஓரமாக ஒரு சிறு உருளை இருக்கும். அது கம்பியைக் கவ்வுவதால்தான் விரலுக்குச் சுமை குறைகிறது. நாளாக ஆகத் தோல் நீளும். நீண்ட தோல் கம்பியைச் சுற்றிவந்து தன்மேலேயே மடிந்து சிக்கிக்கொண்டால் கை நின்றுவிடும், உடம்பு நிற்காது. முன்கை எலும்பு முறியும். கம்பி மெலிதாக இருந்தால் இந்த ஆபத்து கூடுதல். ஒவ்வொரு நாளும் போடுமுன் நீட்டிப் பார்க்க வேண்டும். நீண்டதை வீசிவிட்டுப் புதியதைப் போட்டிக்குச் சில வாரம் முன்பே பழக்க வேண்டும். போட்டியன்று புதுக் கிரிப் போடுவது விஷப் பரீட்சை.

அப்படியென்றால் லியூகின் சோவியத்திலிருந்து கொண்டுபோனது என்ன? என் கணிப்பில், கணக்கு. யாருடைய உடம்புக்கு எங்கே புள்ளி கிடக்கிறது என்ற கணக்கு.

மகள் நாஸ்தியா உயரமானவர். கணுக்காலில் அறுவை சிகிச்சையும் ஆகியிருந்தது. 2006-ல் பழைய பத்துப் புள்ளி உச்சவரம்பு போய், கடினத்துக்குத் தனி, சுத்தத்துக்குத் தனி என்று புள்ளி பிரிந்தது. ஓடிவந்து மேசை மேல் கைவைத்துத் தாவும் வால்ட்டில் ஒரே தாவல். அதன் விலை அட்டவணையில் எழுதியாயிற்று, பேரம் கிடையாது. பாரில் அப்படி இல்லை. கடினமான அசைவுகளை அடுக்கலாம், ஒன்றையொன்று இடைவிடாமல் கோத்தால் அதற்கும் 0.1, 0.2 என்று சேரும். நீண்ட கால்கள் அங்கே அழகு; குட்டையாக இருந்தால் சுழல எளிது என்ற சலுகை வால்ட்டுக்கு. லியூகின் உழைப்பைப் பாரில் கொட்டினார்.

2008 பெய்ஜிங் ஆல்-அரவுண்ட் தாளை எடுத்துப் பாருங்கள். நாஸ்தியாவின் அமெரிக்க அணித் தோழி ஷான் ஜான்சன் வால்ட்டில் இரண்டரை முறுக்கு (காற்றில் உடம்பை இரண்டரை முறை திருகுவது) போட்டு 15.875 வாங்கினார். நாஸ்தியா ஒன்றரை முறுக்கோடு நிறுத்திக்கொண்டு 15.025. முதல் சுற்றிலேயே 0.850 பின்னடைவு. பாரில் நாஸ்தியா 16.650, ஜான்சன் 15.275. போனது திரும்பி வந்து மேலே 0.525 மிச்சம். பீமில், அதாவது ஒடுங்கிய சமநிலை உத்தரத்தில், நாஸ்தியா 16.125, ஜான்சன் 16.050. ஃப்ளோரில் இருவருக்கும் 15.525. மொத்தம் 63.325-க்கு 62.725. தந்தைக்குச் சியோலில் 0.1 புள்ளியில் கைநழுவிய ஆல்-அரவுண்ட் தங்கம் மகளுக்கு 0.6 வித்தியாசத்தில் வந்தது. சுத்தமான ஒன்றரை முறுக்கை விட்டுவிட்டு, கணுக்காலை வைத்து இரண்டரைக்கு ஆசைப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோச்சுகள் யோசிக்க வேண்டும்.

அதே பெய்ஜிங்கில் பார் இறுதிப் போட்டி. நாஸ்தியாவும் சீனாவின் ஹே கெசினும் ஆளுக்கு 16.725. கடினம் 7.7, சுத்தம் 9.025, இரண்டும் அச்சு அசல். சியோலில் வலேரியும் விளாடிமிர் ஆர்டெமோவும் ஹரிசாண்டல் பாரில் சமன் ஆனபோது இருவர் கழுத்திலும் தங்கம் விழுந்தது. இருபது வருடத்தில் ஒலிம்பிக் விதி மாறிவிட்டது. நடுவர்கள் கழித்த புள்ளிகளை மறுபடி சலித்து, சராசரி எடுத்து, ஹே கெசினுக்குத் தங்கம், நாஸ்தியாவுக்கு வெள்ளி என்றார்கள். பழைய முறையே நியாயம் என்பேன்; கண்ணால் பிரிக்க முடியாததைக் கால்குலேட்டர் பிரிப்பது விளையாட்டு அல்ல. உலகச் சாம்பியன்ஷிப்பில் அப்போது அந்தச் சலிப்பு கிடையாது. 2015 கிளாஸ்கோவில் பாரில் நான்கு பேர் 15.366 எடுத்து நால்வரும் தங்கம் வாங்கினார்கள். அதில் ஒருவர் வோகாவில் வளர்ந்த மேடிசன் கோசியன்.