வடசென்னையின் வெள்ளமும் எண்ணூர்க் கழிமுகமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் ஓர் அறிவிப்பை நீங்கள் கேட்டிருப்பீர்கள். புழல் ஏரியிலிருந்து உபரி நீர் திறக்கப்படுவதால் நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் ஆகிய இடங்களில் தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுவார்கள். பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்படும்போது வாசிக்கப்படும் ஊர்ப் பட்டியல் இன்னும் நீளமானது. அதுவும் மணலி புதுநகர், சடையான்குப்பம், எண்ணூர் என்றுதான் முடியும்.

பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. இவ்விரண்டும் நிரம்பியபின் வழியும் நீர் கொசஸ்தலையாற்றில் சேர்ந்து எண்ணூரில் கடலை அடைகிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கத்து மழைநீரும் கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர்க் கால்வாய் ஆகியவற்றின் வழியே பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, வடக்கே அதே எண்ணூரை நோக்கித்தான் போகிறது. வடசென்னையின் பெரும்பகுதிக்கும் அதற்கு மேற்கே உள்ள ஏரிகளுக்கும் வடிகால் அந்த ஒரு கழிமுகமே. அதன் ஆழத்தையும் அகலத்தையும் காப்பதே, மாறிவரும் காலநிலைக்கு ஏற்ப நகரைத் தயார்படுத்தும் வடசென்னையின் காலநிலைத் தகவமைப்புத் திட்டத்தில் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன்.

அரசு திட்டமிடாமல் இல்லை. சென்னைக்கான காலநிலைச் செயல்திட்டம் 2023 ஜூன் மாதம் வெளியிடப்பட்டது. 2050க்குள் நகரின் நிகரக் கரிம உமிழ்வைச் சுழியாக்குவது அதன் இலக்கு. கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் மழைநீர் வடிகால்கள் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. தெருவில் தேங்கும் நீர் வீட்டுக்குள் புகுந்து அரிசியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் நனைத்துவிடும் பகுதிகளுக்கு வடிகால் எவ்வளவு அவசியம் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், உபரி நீர் வெளியேறும் கலங்கலைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு, நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களை மட்டும் வெட்டிச் சீராக்கிய ஏரிக்கு என்ன நேருமோ, அதுவே வடிகால்களை மட்டும் நம்பும் நகரத்துக்கும் நேரும். நீர் முன்னைவிட விரைவாக வந்து சேரும், வெளியேற வழியிருக்காது.

காரணம் எளியது. திருவொற்றியூரும் மணலியும் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லாத சமதளங்கள். சென்னைக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும், இவ்வளவு தட்டையான நிலத்தில் அந்த ஒரு மீட்டரே வடிகால் ஓடுமா, தேங்குமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாய் நீர் வெளியேற முடியாமல் நிற்கிறது. சில இடங்களில் உப்புநீர் எதிரேறியும் வருகிறது. புயல் நாட்களில் காற்று கடலைக் கரைநோக்கித் தள்ளும்போதே பெருமழையும் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் நீர் வடியாமல் தவித்த தெருக்கள் வடசென்னையில் ஏராளம். இதற்குமேல், உலகின் சராசரிக் கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது என்றும், 2006க்குப் பின் அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் உயர்ந்துவந்தது என்றும் பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. கணித்திருக்கிறது. இன்று கட்டப்படும் கான்கிரீட் வடிகால் பல பத்தாண்டுகள் நிற்க வேண்டியது. அது கடலோடு சேரும் மட்டம் இன்றைய கடலைக் கணக்கிட்டு வைக்கப்பட்டதா, 2060இன் கடலைக் கணக்கிட்டு வைக்கப்பட்டதா என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கடல் ஏறுவது ஒருபக்கம் இருக்க, ஆற்றின் படுகையும் மேடாகிவருகிறது. எண்ணூர்க் கழியில் இருளர் சமூகத்துப் பெண்கள், இறாலைப் போட்டுவைக்கும் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீருக்குள் அமர்ந்து, அடிச்சேற்றை இரு கைகளாலும் தடவி இறால் எடுப்பதை இன்றும் பார்க்கலாம். கையில் படுவது சேறா, அனல்மின் நிலையத்துச் சாம்பலா என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஆய்வகம் வேண்டாம். சேறு விரலில் ஒட்டி நிற்கும். சாம்பல் கலக்கிய மாத்திரத்தில் நீரில் புகைபோல எழும். சாம்பல் குழாய்களில் ஏற்பட்ட கசிவால் ஆறும் கழிவெளியும் பாழ்பட்டதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் அளித்த தீர்ப்பில் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. மீனவர்கள் இதை மீன்வளம் அழியும் துயரமாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். கொருக்குப்பேட்டையிலும் மாதவரத்திலும் இருப்பவர்கள் இதைத் தங்கள் தெருவின் வெள்ளப் பிரச்சினையாகவும் காண வேண்டும் என்பது என் வேண்டுகோள். கழியில் ஓர் அடி சாம்பல் படிந்தால், வெள்ளத்துக்கு அங்கே ஓர் அடி இடம் குறைகிறது.

மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து வந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாகப் படிந்த எண்ணெயை மீனவர்களே வாளிகளைக் கொண்டு வழித்தெடுத்தார்கள். தொழிற்சாலைகள் நிறைந்த ஓர் ஊரில் வெள்ளம் என்பது வெறும் நீர் அன்று. வெள்ள அபாய வரைபடத்தில் நீரின் உயரத்தோடு, அந்த நீர் எந்தெந்த எண்ணெய்த் தொட்டிகளையும் ரசாயனக் கிடங்குகளையும் கடந்து வரும் என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

இங்கே பழைய பாடம் ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டபோது, தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணல் தடுக்கப்பட்டு, மெரினாவின் மணற்பரப்பு அகன்றது. அந்த மணல் கிடைக்காமல் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்தது. பின்னர் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்களாகப் போடப்பட்ட தூண்டில் வளைவுகள் சில குப்பங்களைக் காத்தன. அவற்றுக்கு அடுத்து வடக்கே இருந்த கரையில் அரிப்பு கூடியது. ஓரிடத்தை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால் அதன் செலவு அடுத்த இடத்தின் தலையில் விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

 

கழிமுகத்தைக் காப்பதில் உள்ள பெரிய இடர் நிர்வாகத்தைச் சார்ந்தது. வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. ஆறு நீர்வளத் துறையின் பொறுப்பு. அலையாத்திக் காடு வனத்துறையின் பார்வையில் வருகிறது. துறைமுகங்களுக்கும் மின் நிலையங்களுக்கும் தனித்தனி நிர்வாகங்கள். ஆற்றின் தென்கரையில் உள்ள எண்ணூர் மாநகராட்சிக்குள் அடங்கும். வடக்கே அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் அதன் எல்லைக்கு வெளியே உள்ளன. ஆகவே மாநகராட்சி தீட்டும் காலநிலைத் திட்டம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஆற்றின் மறுகரையை அதனால் ஆள முடியாது. கழிமுகம் முழுவதற்கும் பொறுப்பேற்கும் ஒரே அமைப்பு வேண்டும். அதில் குப்பங்களின் பஞ்சாயத்தாருக்கும் இருளர் மக்களுக்கும் வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன் முகத்துவாரத்தின் ஆழம் அளக்கப்பட்டு, ஏரிகளின் நீர்மட்டத்தைப் போலவே பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும்.

இதைக் கேட்பதற்கு உரிய காலம் இதுவே. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை வகுக்கும் சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்தைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வகுத்துவருகிறது. 2022இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி மாநகராட்சி வார்டுகளில் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் கூட்டப்படுகின்றன. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை மண்டலங்களில் உள்ள நேயர்கள் உங்கள் பகுதி சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது, எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பகுதிகளின் நிலப்பயன்பாட்டு வரைபடங்களை முதலில் எடுத்துப் பாருங்கள். உப்பளமும் அலையாத்திக் காடும் கழிவெளியும் தொழிற்பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தால், உங்கள் ஆட்சேபத்தை எழுத்துமூலமாக, காலக்கெடு முடிவதற்குள் பதிவுசெய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.