ட்ரூரிட்ஜ் கரையில் ஒரு நிலக்கரி வழக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லேண்ட் பகுதியில், ட்ரூரிட்ஜ் விரிகுடா என்று ஒரு கடற்கரை. ஆம்பிள் என்ற சின்னத் துறைமுகத்திலிருந்து கிரெஸ்வெல் கிராமம் வரை சுமார் 11 கிலோமீட்டருக்கு மணல்தான். பின்னால் மணல்மேடு, அதற்கும் பின்னால் வயலும் குட்டைகளும். குளிர்காலத்தில் ஐஸ்லாந்து பக்கமிருந்து இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்து அந்த வயல்களில் மேயும். இந்தக் கரையை ஒட்டி, ஹைத்தார்ன் என்ற இடத்தில், திறந்தவெளிச் சுரங்கம் வெட்டி 30 லட்சம் டன் நிலக்கரி எடுக்க பேங்க்ஸ் என்ற நிறுவனம் 2015-இல் அனுமதி கேட்டது.

நம் ஊரிலும் இந்தப் பேச்சு புதிதல்ல. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று டெல்டாப் பகுதியின் பெயர்கள் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் வந்ததும் ஊரே கொதித்தது. சில நாட்களில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ட்ரூரிட்ஜில் அப்படிச் சட்டென்று முடியவில்லை. 2016 ஜூலையில் உள்ளாட்சி மன்றம் அனுமதி தந்தது. அதன் பிறகு மத்திய அரசு கோப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2017-இல் பொது விசாரணை நடந்தது. விசாரித்த அதிகாரி அனுமதிக்கலாம் என்றே பரிந்துரைத்தார். 2018 மார்ச்சில் அமைச்சர் சஜித் ஜாவித் அதை ஏற்காமல் மறுத்தார். அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. 2020 செப்டம்பரில், பின்னால் அந்தப் பதவிக்கு வந்த ராபர்ட் ஜென்ரிக் மறுபடியும் மறுத்தார். இத்தனை திருப்பம் ஏன் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

எதிர்த்தவர்கள் முதலில் கையில் எடுத்தது அழகை. இவ்வளவு அழகான கரையைத் தோண்டுவதா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு நிறுவனத்தின் தரப்பில் பலமான பதில் இருந்தது. ட்ரூரிட்ஜ் பூங்காவில் லேடிபர்ன் ஏரி இருக்கிறதே, மக்கள் படகு விடுகிறார்களே, அந்த இடம் முன்பு திறந்தவெளிச் சுரங்கம். பறவை பார்க்கப் போகிற ஹாக்ஸ்லி சரணாலயமும் அப்படித்தான், கிழக்கு செவிங்டனும் அப்படித்தான். ரசிக்கிற நிலத்தில் பாதி பழைய குழிதானே, இன்னொன்று வெட்டி மூடினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்கள். அழகை மட்டும் நம்பிப் போனவர்களுக்கு இங்கே வாயடைத்துப் போகும். விசாரணை அதிகாரியின் பரிந்துரை நிறுவனத்தின் பக்கம் சாய்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால், "வெட்டி மூடினால்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்களே, அதற்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். படம் வேண்டாம், காதாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

நெய்வேலியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பழுப்பு நிலக்கரி தடித்த படுகையாகக் கிடக்கிறது. நார்தம்பர்லேண்டில் கரி மெல்லிய அடுக்குகள் பலவாக, பாறைக்கு நடுநடுவே இருக்கும். அந்த நாட்டில் ஒரு டன் கரிக்குப் பத்து கன மீட்டருக்கும் மேல் மண்ணும் பாறையும் அகற்றுவது சாதாரணம். பழைய காலத்துச் சுரங்கக்காரர்கள் கூரை விழாமலிருக்கக் கரியிலேயே தூண் விட்டுப் போயிருப்பார்கள். மேலிருந்து தோண்டினால் அந்தத் தூண்களும் கிடைக்கும். திறந்தவெளியில் லாபம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் வெட்டில் எடுத்த பாறையைப் போட இடமில்லை. அதை ஓரமாக மலைபோல் குவிப்பார்கள். இரண்டாவது வெட்டில் எடுத்ததை முதல் குழியில் கொட்டுவார்கள், மூன்றாவதை இரண்டாவதில். இப்படிக் குழி நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஒரு குழி காலியாக நிற்கும்; ஆரம்பத்தில் குவித்த மலையைக் கொண்டுவந்து அதை மூட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். கரியை எடுத்துவிட்டால் நிலம் பள்ளமாகாதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஆகாது. கிணறு வெட்டிய மண்ணைத் திரும்பப் போட்டால் மிஞ்சுகிறதல்லவா? உடைந்த பாறை கால் பங்குவரை உப்பும். மெல்லிய அடுக்குக் கரி போன இடத்தை அந்த உப்பல் நிரப்பிவிடும்.

பாறையை மூடுவது சுலபம். கஷ்டம் மண்ணில். இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன், மன்னியுங்கள். நிலத்தைத் திருப்பித் தருவது என்பதே இதில்தான் இருக்கிறது.

மேல்மண் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழம். அதன் கீழே அடிமண். இரண்டையும் தனித்தனியே வழித்து, தனித்தனியே குவிக்க வேண்டும்; கலந்தால் போச்சு. மேல்மண் குவியல் மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. உயர்ந்தால் நடுவில் காற்று போகாது, மண்புழு சாகும். குவியல்மேல் புல் விதைத்து வைப்பார்கள், மழையில் கரையாமலிருக்க. மண்ணை ஈரத்தில் தொடவே கூடாது. இதற்குக் களத்தில் ஒரு சோதனை உண்டு, கருவியே வேண்டாம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டித் திரி திரியுங்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு உடையாமல் திரி வந்தால் அன்றைக்கு வேலை நிறுத்தம். உடைந்து உதிர்ந்தால் வண்டியை எடுக்கலாம். இங்கிலாந்தின் வானிலையில் இந்தச் சோதனையில் தேறுகிற நாட்கள் பெரும்பாலும் கோடையில்தான். கால அட்டவணை பிந்துகிறதே என்று ஈரமண்ணைத் தள்ளினால், அது களிம்புபோல் பூசிக்கொண்டு இறுகிவிடும்.

திருப்பிப் போடும்போதும் அப்படித்தான். டம்பர் லாரி பாறைமேல் மட்டுமே ஓட வேண்டும், போட்ட மண்ணின்மேல் ஏறக் கூடாது. எக்ஸ்கவேட்டர் ஒரு பட்டை அகலத்துக்கு அடிமண், அதன்மேல் மேல்மண் என்று தளர்வாகப் பரப்பிக்கொண்டே பின்வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல் கனம். பழைய முறையில் மண்வாரி இயந்திரங்கள் போட்ட மண்ணின்மேலேயே ஓடின. அப்படி மூடிய வயல்களை இன்றும் அடையாளம் காணலாம்: மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், புல்லை மீறிக் கோரை முளைக்கும். அதற்கப்புறம் ஐந்தாண்டுப் பராமரிப்பு: சுண்ணாம்பு, உரம், வடிகால் குழாய். வடிகாலை அவசரப்பட்டுப் போட்டால், நிலம் அமர அமரக் குழாயும் முறியும்.

ஆக, ஏரியும் பறவையும் வரும். பழைய வயல் அப்படியே வருமா என்பது அன்றன்றைக்கு மண்ணைத் திரித்துப் பார்த்தவரைப் பொறுத்தது. அனுமதிப் பத்திரத்தில் இதை எழுதலாம்; மழை நாளில் வண்டியை நிறுத்தச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

சரி, வழக்குக்கு வருகிறேன். வழக்கைத் தீர்த்தது மண்ணுமில்லை, மணலுமில்லை. அந்தக் கரி தேவையா என்ற கேள்விதான். நிறுவனம் சொன்னது: இங்கே எடுக்காவிட்டால் ரஷ்யாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் கப்பலில் வரும், எரிவது எப்படியும் எரியும், உள்ளூரில் நூறு வேலையாவது கிடைக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது, ஒரு டன் இங்கே குறைந்தால் ஒரு டன் அங்கிருந்து வந்தே தீரும் என்று எடுத்துக்கொள்கிறது. கரி விலை ஏறினால் மின்நிலையம் எரிவாயுவுக்கு மாறலாம். எரிவாயு மின்சாரத்தில் கரியமில வாயு ஏறத்தாழ பாதி.

30 லட்சம் டன் கரியை எரித்தால் சுமார் 70 லட்சம் டன் கரியமில வாயு. எடை எப்படிக் கூடுகிறது என்று கேட்பீர்கள். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்கிறது. பன்னிரண்டு பங்கு கரிமத்தோடு முப்பத்திரண்டு பங்கு ஆக்சிஜன்.

2018-இல் ஜாவித் இந்த வாயுவைக் காரணமாகக் காட்டித்தான் மறுத்தார். காலநிலையைக் கணக்கில் எடுத்ததே தவறு என்று உயர்நீதிமன்றம் சொல்லவில்லை. இறக்குமதிக் கரி ஈடுகட்டுமா என்ற இடத்தில் அவர் தந்த விளக்கம் போதாது என்றது. இதற்கிடையில் காலம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. 2012-இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கரியிலிருந்து வந்தது. 2020-இல் இரண்டு சதவீதம்கூட இல்லை. ட்ரூரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருந்த லைன்மவுத் மின்நிலையம் 2018-இல் மரத்துண்டு எரிபொருளுக்கு மாறிவிட்டது. நாட்டின் கடைசிக் கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-இல் நின்றது. ஜென்ரிக் மறுத்தபோது, தேவை என்ற வாதத்துக்குக் காலே இல்லை.

மணி ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பணத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். கடைசிக் குழி ஒன்று காலியாக நிற்கும் என்றேனே, நிறுவனம் திவாலானால் அது அப்படியே நிற்கும்: 2013-இல் ஸ்காட்லாந்தில் பெரிய கரி நிறுவனம் ஒன்று விழுந்தபோது, குழியை மூடுவதற்கென்று வாங்கி வைத்த பிணைத்தொகை போதவில்லை, 2023 நவம்பரில் நின்றுபோன வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கத்தில் கையிருப்பு ஒன்றரைக் கோடி பவுண்டு, மூடத் தேவைப்பட்டதோ அதைப்போலப் பல மடங்கு. உங்கள் ஊரில் இப்படி ஒரு சுரங்கத்துக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், வங்கி உத்தரவாதம் எவ்வளவு, யார் பெயரில், குழி பெரிதாகப் பெரிதாக அதுவும் உயருமா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.